ஒரே ஒரு குளவிக்கூடு, ஓர் ஆய்வுக் கட்டுரை: லண்டனை விட்டு இந்தியாவுக்கு வந்த ஹால்டேன் யார்?

புதுக்கோட்டை பக்கம் பல வீடுகளில் ஜன்னல் மூலையிலோ, சுவிட்ச் போர்டு பக்கத்திலோ குளவி கட்டிய மண்கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் தட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால், அப்படி ஒரே ஒரு கூட்டைப் பற்றி 1964-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதிய மூவரும் ஜே.பி.எஸ். ஹால்டேனின் குழுவினர். பரிணாம உயிரியலின் பெரிய தலைகளில் ஒருவர் அவர்.

யார் இவர்?

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா உடலியல் விஞ்ஞானி. சின்ன வயதிலேயே அப்பாவின் பரிசோதனைகளில் ஹால்டேன்தான் உதவியாளர். ஆனால், கல்லூரியில் படித்தது கணிதமும், கிரேக்க, லத்தீன் இலக்கியமும். அறிவியலில் பட்டமே கிடையாது!

என்ன கண்டுபிடித்தார்?

இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்தால் பிறக்கும் வாரிசுகளில், சில சமயம் ஒரு பாலினம் மட்டும் மலடாகும் அல்லது பிறக்கவே பிறக்காது. எந்தப் பாலினம்? இரண்டு வேறு வகை பாலின குரோமோசோம்கள் கொண்டதுதான் பொதுவாக பாதிக்கப்படும் என்று 1922-ல் சொன்னார். பழ ஈக்களில் அது ஆண். பட்டாம்பூச்சிகளில் பெண். ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த 'ஹால்டேன் விதி' இன்றும் உதவுகிறது.

1924-ல் அடுத்த கணக்கு. தொழிற்சாலைப் புகை படிந்த மான்செஸ்டர் பகுதியில், வெளிர்நிற அந்துப்பூச்சிகளின் இடத்தைக் கறுப்புப் பூச்சிகள் வேகமாகப் பிடித்தன. அந்த வேகத்துக்கு, கறுப்புப் பூச்சிகள் சுமார் ஒன்றரை மடங்கு அதிக வாரிசுகளை விட்டிருக்க வேண்டும் எனக் காட்டினார். இயற்கைத் தேர்வை எண்ணில் அளக்க முடியும் என்பது அப்போது பெரிய விஷயம்.

இந்தியா ஏன்?

1956-ல் பிரிட்டன் சூயஸ் மீது படையெடுத்ததை எதிர்த்தார். அடுத்த ஆண்டே லண்டன் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். வேட்டி, குர்தா, சைவச் சாப்பாடு என மாறிப்போனார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார்.

விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலேயே இங்கே நல்ல அறிவியல் செய்யலாம் என்பது அவர் நம்பிக்கை. மாணவர் துரோணம்ராஜு, எந்தப் பட்டாம்பூச்சி எந்த நிற உண்ணிச்செடிப் பூவுக்குப் போகிறது என்று எண்ணினார். ஸ்பர்வே, துரோணம்ராஜு, ஜெயகர் மூவரும் சேர்ந்து எழுதியதுதான் அந்தக் குளவிக்கூடு கட்டுரை. அந்தக் குளவியின் அறிவியல் பெயரிலேயே மதராஸ்பட்டினம் இருக்கிறது!

கூட்டில் என்ன இருக்கிறது? ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை, குட்டிக்குச் சாப்பாடாக மயங்கிய சிலந்திகள். குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். அதனால் வெளியே வரும் குளவிகளை எண்ணினாலே, தாய் எத்தனை ஆண், எத்தனை பெண் பெற்றது என்பது தெரிந்துவிடும். நோட்டும் பென்சிலும் பொறுமையும் போதும்.

கடைசி வரை

நிர்வாகத்துடன் மோதல் ஏற்பட, 1961-ல் கொல்கத்தா வேலையையும் விட்டார். 1962-ல் புவனேஸ்வரில் புதிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அது வேரூன்றும் முன்பே, 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது, மாணவர்கள் பாடம் படிப்பதற்காக.