கல்லைக் கற்ற காரிகை மேரி அனிங்

கண்டகி நதியிற் கிடைக்கும் சாளக்கிராமத்தை நம்மவர் திருமாலின் திருவுருவாகப் பூசிக்கின்றனர். அதன் உள்ளே சக்கரம்போலச் சுழித்துக் காணப்படுவது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அமோனைற் என்னும் உயிரின் ஓட்டுச் சுவடு என்பது புவிச்சரிதவியலார் கண்ட உண்மை. நாம் போற்றி வணங்கும் இவ்வகைச் சுவட்டை, இங்கிலாந்தின் தென்கரையிலே ஓர் ஏழைச் சிறுமி வயிற்றுப்பாட்டுக்காகப் பொறுக்கி விற்று வந்தார். அவரே மேரி அனிங் அம்மையார். கல்லூரி வாசலை மிதியாத அவர் கற்றறிந்தோருக்கும் ஆசிரியராய் விளங்கிய வரலாற்றை இங்கு சுருக்கமாகக் கூறுவோம்.

டோசெற் மாகாணத்திலுள்ள லைம் றீஜிஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் 1799ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி அம்மையார் பிறந்தார். தந்தையார் றிச்சாட் அனிங் தளபாடஞ் செய்யும் தச்சர். பிறந்த பிள்ளைகள் பலருள் மேரியும் அண்ணன் யோசேப்பும் மாத்திரமே பிழைத்து வளர்ந்தனர். 1800ஆம் ஆண்டில் மரத்தடியில் இடி விழுந்து மூன்று பெண்கள் மாண்டபோது, அவர்களுள் ஒருத்தியின் கையிலிருந்த குழந்தை மேரி உயிர் தப்பியது ஓர் அற்புதமே.

தந்தையார் ஓய்வு நேரங்களிற் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பாறைகளில் உயிர்ச்சுவடுகளைத் தேடிப் பிரித்தெடுக்கப் பழக்கினார். 1810ஆம் ஆண்டில் அவர் காலமானார். குடும்பத்துக்கு எஞ்சியது கடன் ஒன்றே. அன்று முதல் தந்தையார் பழக்கிய தொழிலே அவர்களுக்குச் சோறு போட்டது. மேரி எழுத்தறிவு பெற்றதோ ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையிலே.

1811ஆம் ஆண்டில் யோசேப்பு ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டில் அதன் உடலெலும்புகளை மேரி கண்டார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய 12. இக்தியோசோறஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அக்கடல்வாழ் ஊர்வனவின் எலும்புக்கூடு 23 பவுணுக்கு விலைபோயிற்று. அறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து 1814ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். கண்டெடுத்தவர் பெயர் அதில் இல்லை.

இத்தொழில் எளிதன்று. மாரிக்காலப் புயலிலே பாறை சரிந்து விழும்போதுதான் புதிய சுவடுகள் வெளிப்படும். காலந் தாழ்த்தினால் அலை அவற்றை அள்ளிச் சென்றுவிடும். ஆகவே குளிரிலும் மழையிலும் சுத்தியலும் கூடையுமாக அம்மையார் கரைக்குச் செல்வார். 1833ஆம் ஆண்டில் அவரோடு எப்போதும் திரிந்த ட்றே என்னும் நாய் மண்சரிவில் மாண்டது. மயிரிழையில் அவர் தப்பினார். எனினும் தொழிலைக் கைவிட்டாரல்லர்.

பொறுக்கி விற்பதோடு அவர் நின்றிருந்தால் நாம் இன்று அவரை நினைக்கமாட்டோம். கைக்கெட்டிய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படங்களோடு கையாற் பிரதி செய்து கற்றார். மீன்களையும் கணவாய்களையும் வெட்டிப் பார்த்து உடலமைப்பை அறிந்தார். இக்தியோசோறசின் வயிற்றுப் பகுதியிற் கிடந்த கற்களை உடைத்து, உள்ளே மீனெலும்புகளையும் செதில்களையும் கண்டார். அவை கல்லாகிய மலம் என்று பக்லண்ட் என்னும் பேராசிரியர் விளக்குவதற்கு இக்கண்டுபிடிப்பே வழிகாட்டிற்று.

1823ஆம் ஆண்டில் அம்மையார் முழுமையான பிளீசியோசோறஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். இத்துணை நீண்ட கழுத்து இயற்கையில் இருத்தல் இயலாது எனப் பிரான்சு தேசத்துப் பேரறிஞர் குவியே ஐயுற்றார். 1824ஆம் ஆண்டில் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தில் அது ஆராயப்பட்டது. ஐயம் தவறென்பதைக் குவியேயும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அச்சபையில் அம்மையார் இல்லை. அவர் பெயர்தானும் கூறப்படவில்லை. பெண்களை அச்சங்கம் உறுப்பினராக ஏற்றது 1919ஆம் ஆண்டிலேதான். 1828ஆம் ஆண்டில் அவர் கண்டெடுத்த பறக்கும் ஊர்வனவோ ஜேர்மனிக்கு வெளியே முதன்முதற் கிடைத்ததாகும்.

இவ்வநீதியைக் கூறும் நாம், உதவியவர்களையும் மறத்தலாகாது. பேச் என்னும் கனவான், 1820ஆம் ஆண்டில் தமது சேகரிப்பை ஏலத்தில் விற்று, கிடைத்த 400 பவுண் அளவிலான பணத்தை வறுமையுற்றிருந்த அக்குடும்பத்துக்கு ஈந்தார். டி லா பீச் என்னும் அறிஞர், அம்மையார் கண்டெடுத்த உயிர்களை 1830ஆம் ஆண்டில் ஓவியமாகத் தீட்டி, அதன் பிரதிகள் விற்ற பணத்தை அவருக்கே அளித்தார். பின்னாளில் ஆண்டுக்கு 25 பவுண் உதவிப்பணமும் கிடைத்தது.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9ஆந் திகதி, மார்பகப் புற்றுநோயால் அம்மையார் தமது 47ஆம் வயதிற் காலமானார். உயிரோடிருக்கையில் வாசலிலே நிறுத்திய சங்கத்தார், 1850ஆம் ஆண்டில் ஊர்த் தேவாலயத்திலே அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தனர். அவர் பிறந்த வீடிருந்த இடத்தில் இன்று ஊர் நூதனசாலை நிற்கின்றது. 2022ஆம் ஆண்டில் அங்கே அவருக்குச் சிலையும் எழுந்தது. அதற்கான முயற்சியைத் தொடக்கியவள் ஒரு பாடசாலைச் சிறுமி என்பதை எமது இளைஞர் மனங்கொள்வார்களாக.

எமது ஈழநாட்டு மண்ணும் வெறுமண் அன்று. இரத்தினபுரியிலே மாணிக்கக் குழி தோண்டியோர் கண்ட எலும்புகளைக் கொண்டே, இங்கு முன்னாளில் நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன என்பதைக் கலாநிதி தெரணியகல உலகுக்கு அறிவித்தார். குழியில் இறங்கியவர்களின் பெயர்களை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லிலும் பண்டைக் கடலுயிர்களின் சுவடுகள் உண்டு.

இளைஞர்காள்! கிணறு வெட்டும் இடத்தில் விசித்திரமான கல் ஒன்றைக் கண்டால் உடைத்தெறியாதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, அறிந்தோரிடம் தெரிவியுங்கள். கண்டெடுத்தவர் கூலியாளாயினும் அவர் பெயரையும் மறவாது எழுதிவையுங்கள். பெரியோர்களே! கல்லோடு வரும் சிறுவனைக் கடிந்து துரத்தாதீர்கள். மேரியின் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றவர் ஓர் ஏழைத் தச்சரே.