எளியோரின் வரலாற்றை எழுதிய ஐலீன் பவர் அம்மையார்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் கொல்லிமலையின் வரலாற்றைக் கேட்டால் வல்வில் ஓரியின் பெயரை எல்லோரும் சொல்வோம். அவன் காலத்தில் உரலில் தினை குத்திய பெண்ணின் பெயரை யாராலும் சொல்ல இயலாது. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் வாழ்ந்த அத்தகைய எளியோரைத் தேடிக் கண்டு வரலாற்றில் இடம்பெறச் செய்தவர் ஐலீன் பவர் அம்மையார்.

இவர் 1889-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை பண மோசடிக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். பதினான்காம் வயதில் தாயையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். இவரையும் இரு தங்கையரையும் ஆக்ஸ்போர்டில் சிற்றன்னைமார் வளர்த்தனர். துன்பத்தில் துவளாமல் படித்த ஐலீன், கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியில் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். எனினும் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான். அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இங்கிலாந்தின் பழைய கன்னியர் மடங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1922-இல் வெளிவந்தது. ஆயர்கள் மடங்களைப் பார்வையிட்டு எழுதிய குறிப்புகளையும், மடத்துக் கணக்கேடுகளையும் அவர் பொறுமையுடன் ஆராய்ந்தார். பல மடங்கள் வறுமையிலும் கடனிலும் தவித்ததை எடுத்துக் காட்டினார். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. உண்மையை உள்ளபடி சொல்வதே வரலாற்றாசிரியரின் கடமை அன்றோ?

1924-இல் வெளிவந்த 'இடைக்கால மக்கள்' என்னும் நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. அதில் போடோ என்னும் உழவன் வருகிறான். பாரிஸ் அருகேயிருந்த துறவியர் மடத்தின் நில ஏட்டில் அவன் பெயரும், மனைவி எர்மன்ட்ரூட், மூன்று பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. ஆண்டுதோறும் மூன்று கோழிகளும் பதினைந்து முட்டைகளும் அவன் செலுத்த வேண்டும். இந்தச் சில வரிகளைக் கொண்டே ஒரு குடும்பத்தின் உழைப்பையும் ஓய்வையும் நம் கண்முன் நிறுத்துகிறார். மற்றோர் அத்தியாயத்தில் வயது முதிர்ந்த பாரிஸ் கணவர் ஒருவர் வருகிறார். தம் பதினைந்து வயது மனைவிக்காகச் சமையல், தோட்டம், இல்லறம் பற்றி அவர் சுமார் 1393-இல் ஒரு நூலே எழுதி வைத்திருந்தார்.

உலகைச் சுற்றிவர அளிக்கப்பட்ட கான் உதவித்தொகையைப் பெற்ற முதல் பெண் இவரே. அப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து, 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டைக் கண்டார். 1931-இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியரானார். தங்கை ரோடாவுடன் இணைந்து சிறுவர்களுக்கும் வரலாறு எழுதினார். வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பேசினார். 1940 ஆகஸ்டு 8-ஆம் நாள், தமது 51-ஆம் வயதில் மாரடைப்பால் திடீரெனக் காலமானார். இடைக்காலப் பெண்களைப் பற்றிய அவருடைய சொற்பொழிவுகளைக் கணவர் போஸ்டன் தொகுத்து 1975-இல் நூலாக வெளியிட்டார்.

அன்புத் தோழியரே! போடோவின் குடும்பத்தை நாம் இன்று அறிவதற்குக் காரணம், யாரோ ஒருவர் அவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதி வைத்ததே. நம் பாட்டிமார் சாமை விதைத்ததையும், சாலை வருமுன் சுமையுடன் மலையேறியதையும் எந்த ஏட்டில் காண்போம்? இந்த விடுமுறையில் பாட்டியின் அருகே அமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயரும் ஊரும் சேர்த்து, எழுதி வையுங்கள். அதுவே பவர் அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.