தோல்வியை வென்ற டோனாவூர் அம்மா

கம்பைநல்லூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒரு விவசாயி நிலக்கடலை விதைக்கிறார். மழை பொய்த்துவிடுகிறது. விதை மண்ணோடு போகிறது. அவர் என்ன செய்வார்? ஏரைத் தூக்கி எறிந்துவிடுவாரா? மாட்டார். அடுத்த மழைக்குக் காத்திருப்பார். கடலைக்குப் பருவம் தப்பிவிட்டால், கொள்ளு விதைப்பார்.

காட்டு வேலையில் மட்டும் அல்ல. கடவுள் தொண்டிலும் விதைத்தது முளைக்காமல் போவது உண்டு. அப்படிப் பலமுறை தோற்றவர் ஓர் அம்மையார். ஒவ்வொரு தோல்வியின்போதும் அவர் தம் விருப்பத்தைக் கடவுளிடம் விட்டுக்கொடுத்தார். கடைசியில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாய் ஆனார். அவர்தான் திருநெல்வேலிச் சீமை டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல்.

நீலக் கண் கேட்ட சிறுமி

ஏமி 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி வட அயர்லாந்தில், மில்லைல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவருக்குப் பழுப்பு நிறக் கண்கள். தாயைப் போலத் தனக்கும் நீலக் கண்கள் வேண்டும் என்று சிறு வயதில் ஒருநாள் இரவு ஜெபம் செய்தார். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தார். கண்கள் பழுப்பாகவே இருந்தன! குழந்தை ஏமாந்துபோயிற்று.

தந்தை 1885ல் காலமானார். குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்தது. அந்த நிலையிலும் ஏமி, பெல்பாஸ்ட் நகரில் ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்களைக் கூட்டி வைத்து, அவர்களுக்காக உழைத்தார்.

மூடிய கதவு

சீன நாட்டுக்குச் சென்று ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1892ல் புறப்படத் தயாரானார். ஆனால் அவரைச் சோதித்த வைத்தியர், தேகபலம் போதாது என்று தடுத்துவிட்டார். கட்டிய பெட்டியை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அங்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. தாங்க முடியாத தலைவலி படுக்கையில் தள்ளியது. சுமார் 15 மாதங்களில் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினார். இலங்கையில் சில மாதம் தங்கி, 1894 இறுதியில் ஊர் திரும்பினார்.

பலர் வாழ்த்தி வழியனுப்பிய பெண் அவர். நண்பர்கள் பணம் கொடுத்து உதவியிருந்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தால் ஊர் என்ன நினைக்கும்? மனம் எவ்வளவு பாடுபடும்! ஆனால் அவர் இனி ஊழியமே வேண்டாம் என்று ஒதுங்கவில்லை. ஜப்பானுக்கே போவேன் என்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. எந்த இடம் என்பதைக் கடவுளின் முடிவுக்கு விட்டுவிட்டார்.

பெங்களூரில் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அங்கே இருந்த ஒரு தோழி எழுதினார். 1895 நவம்பரில் ஏமி இந்தியா வந்து சேர்ந்தார். வரும்போதே விஷக் காய்ச்சல்! ஆனாலும் 55 ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தார். ஒருமுறை கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை.

ஓடி வந்த குழந்தை

வாக்கர் என்ற பாதிரியாரிடம் ஏமி தமிழ் கற்றார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களுடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று போதித்தார். இதுவே தம் வேலை என்று நம்பினார்.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. வயது ஏழு. கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிட இருந்த குழந்தை அவள். முன்பு ஒருமுறை தப்பி ஓடியதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு குழந்தைக்குப் பிறகு, பல குழந்தைகள் வந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், இரவில் கண் விழிக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் வேலை நின்றது. ஆயா வேலை பார்ப்பதும் ஊழியமா என்ற கேள்வி எழுந்தது. சீடர்களின் காலைக் கழுவ இயேசுநாதர் துண்டை இடுப்பில் கட்டியதை ஏமி நினைத்தார். மனம் அடங்கியது.

அதிலும் சோதனை வந்தது. நெய்யூரில் நடத்திய குழந்தைகள் விடுதியில் வயிற்றுக்கடுப்பு பரவி, 10 குழந்தைகள் இறந்தன. அம்மா அழுதார். ஆனால் இல்லத்தை மூடவில்லை. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார். பிறகு ஆஸ்பத்திரியும் உண்டாயிற்று.

சிறு வயதில் வெறுத்த பழுப்புக் கண்களுக்கும் அர்த்தம் விளங்கியது. அவர் சேலை உடுத்தி, முகத்திலும் கையிலும் காப்பிக் கரை பூசிக்கொண்டு, வெள்ளைக்காரி என்று தெரியாதபடி சில இடங்களுக்குச் சென்று வந்தார். நீலக் கண்கள் இருந்திருந்தால் முடிந்திருக்குமா?

பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களும் போராடினார்கள். 1947ல் சென்னை மாகாணத்தில் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதை அம்மா உயிரோடு இருந்து பார்த்தார்.

குழியில் விழுந்தார்

1931ல் ஒருநாள் காலை. கடவுளுக்கு உழைக்கத் தம்மைத் தகுதியாக்க எது வேண்டுமோ அதைச் செய்யும்படி அவர் ஜெபித்தார். அன்று மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சத்தில் குழி இருந்தது தெரியவில்லை. உள்ளே விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63.

பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. ஓயாமல் நடந்த கால்கள் ஓய்ந்தன. பலர் இதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். அம்மா கட்டிலில் இருந்தபடியே எழுதினார். நோயாளிகளுக்கு ஆறுதலாக 1933ல் ஒரு நூலை வெளியிட்டார். வலியை அனுபவிக்கும் ஒருவர், வலியை அனுபவிப்பவர்களுக்கு எழுதிய நூல் அது. மேலும் பல நூல்கள் தொடர்ந்தன. நடந்து போய்க் காணமுடியாத மக்களை அந்த நூல்கள் போய்க் கண்டன.

பணிவு என்பது சும்மா இருப்பது அல்ல. போனதை எண்ணிப் புழுங்காமல், மிச்சம் இருப்பதைக் கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குவது. இதுவே அம்மாவின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம்.

1951 ஜனவரி 18ந் தேதி அவர் கண் மூடினார். தம் கல்லறை மேல் கல் நாட்டக் கூடாது என்பது அவர் விருப்பம். எனவே பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்த ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் பெயர் இல்லை, பட்டம் இல்லை. தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் மட்டும் பொறித்திருக்கிறது.

சீனாவுக்குப் போக முடியாதவர், ஜப்பானில் தங்க முடியாதவர் டோனாவூரில் பெற்ற பெயர் அது!