மேடையில் முழங்கியவர், 'தாமரை' மலரச் செய்தவர்



பாடப் புத்தகம் தேடி நம் கல்லூரி நூலகத்துக்குப் போன ஒரு மத்தியானம், பத்திரிகை மேசையில் 'தாமரை'யின் புது இதழ் கிடந்தது. நின்றபடியே புரட்டியதில் அடுத்த வகுப்பே போய்விட்டது. அந்த இலக்கிய இதழைத் தொடங்கியவர் யார்னு அன்னிக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு மறக்க முடியவில்லை. அவர்தான் ப.ஜீவானந்தம், தமிழ்நாட்டுக்கு ஜீவா.

1907 ஆகஸ்ட் 21-ல் பூதப்பாண்டியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். இன்று கன்னியாகுமரி மாவட்டம். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. இளம் வயதிலேயே கதர் உடுத்தி, காரைக்குடி பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தியடிகளே அங்கே வந்து அவரைச் சந்தித்தார். தனித்தமிழ்ப் பற்றில் உயிரின்பன் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இருந்தபோது பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கினார். அதற்காகச் சிறைக்கும் போனார். பிறகு பொதுவுடைமை இயக்கம். 1937-ல் 'ஜனசக்தி' ஆசிரியர். 1952-ல் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ.

இத்தனை இடம் மாறினவர் நிலையில்லாதவரோன்னு சிலருக்குத் தோணலாம். எனக்கு அப்படிப் படலை. ஒரு கொள்கை போதாதுன்னு பட்டால் வெளிப்படையாக விட்டுவிட்டு நகர்ந்தார். அந்த நகர்வில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிறையும் வறுமையும்தான். தமிழை மட்டும் ஒருநாளும் விடவில்லை. கம்பராமாயணத்தைக் கொளுத்தணும்னு குரல்கள் எழுந்த காலத்துக்குப் பிறகும், பொதுவுடைமைக்காரரான அவர் பாரதியோடு கம்பனையும் மேடையேற்றிக் கொண்டாடினார்.

ஆனா மேடைப் பேச்சு காற்றோடு போயிடும். மணிக்கணக்கில் அவர் பேசியதில் நமக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். இதழ் அப்படி இல்லை. 1959-ல் அவர் 'தாமரை'யைத் தொடங்கினார். 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தை உருவாக்கினார். 1963 ஜனவரி 18-ல் காலமானார். வயது 55. 'தாமரை'யோடு அவர் வாழ்ந்தது சுமார் நாலு வருஷம்தான். ஆனா இதழ் நிற்கவில்லை. தி.க.சிவசங்கரன் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் பல இளம் எழுத்தாளர்களின் கதைகள் அதில் அச்சேறின. கரிசல் மண்ணின் பூமணி அவர்களில் ஒருவர்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி மெஷின்களோடு பழகுகிற எனக்கு இது நன்றாகவே புரியுது. ஒருத்தர் மெஷினை ஓட்டி வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலைன்னா அது நிற்கும். இலக்கிய இதழுக்கு அந்த ஆள் வாசகன்தான்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு இலக்கிய இதழுக்குச் சந்தா கட்டி, நம் நூலகத்துக்கு வரச் செய்தால் என்ன? எங்க பேட்ச் சார்பில் முதல் சந்தாவை நான் கட்டுகிறேன். மத்தியானத்தில் அங்கே வந்து நிற்கப்போகிற ஏதோ ஒரு தம்பிக்காக, தங்கைக்காக. அவங்களுக்கும் ஒரு வகுப்பு போகட்டுமே!