ஒளியை வினவிய ஸர் சி. வி. இராமன்

புதுக்கோட்டைச் சீமையிலே கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் உழவர், விடியற்காலையில் வயலுக்குச் சென்றதும் முதலில் நோக்குவது இலையையே. நெல்லின் தோகை வெளிறியிருப்பின் உரம் போதவில்லை என்பர். உளுந்தின் இலையில் மஞ்சள் படர்ந்தால் நோய் கண்டதென்று வருந்துவர். இலையினின்று மீண்டு வரும் ஒளியைக் கொண்டே அதன் உள்நிலையை அவர்கள் மதிப்பிடுகின்றனர். ஆனால், கண் காணும்போது கேடு பெரும்பாலும் முற்றிவிடுகிறது. அம்மதிப்பை முன்னதாகவே அளந்தறியக் கூடுமாயின் எத்தனையோ குடும்பங்களின் விளைச்சல் பிழைக்கும். பொருளின்மீது பட்டு வரும் ஒளியை வாழ்நாள் முழுதும் வினவிய ஸர் சந்திரசேகர வேங்கட இராமனது சரித்திரம், இதனை நாம் உணர்வதற்குப் பெரிதும் துணைசெய்யும்.

இராமன் நமக்கு அயலாரல்லர். 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். சென்னை இராஜதானிக் கல்லூரியில் பயின்று, 1904இல் பி. ஏ. பட்டமும் 1907இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கத்தின் நிதி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் அந்நகரத்து விஞ்ஞானக் கழகத்திலே ஆராய்ச்சி. பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்தபின், 1917இல் உயர்ந்த சம்பளமுள்ள அவ்வுத்தியோகத்தைத் துறந்து, குறைந்த ஊதியமுள்ள பேராசிரியர் பதவியை மனமுவந்து ஏற்றார்.

1921இல் ஐரோப்பாவினின்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அக்காலத்துப் பெரியோர் கொள்கை. சிறு கருவியொன்றை ஏந்திக் கடலொளியைச் சோதித்த இராமன், நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடித்து அந்நிறத்தை விளைவிக்கின்றன என்று தெளிந்தார். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கனிந்தது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதையும், அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுவதையும் கே. எஸ். கிருஷ்ணனுடன் கூடி அவர் கண்டார். 1930இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 1948இல் ஓய்வு பெற்றதும் அந்நகரிலேயே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். எழுபது வயதைக் கடந்தபின் அவர் தம் தோட்டத்து மலர்களிடம் சென்றதே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. ரோஜா முதலிய பூக்களினின்று வரும் ஒளியைக் கையடக்கமான நிறமாலைக் கருவியால் பகுத்து, எந்நிறம் மீள்கிறது, எந்நிறம் விழுங்கப்படுகிறது என்று ஆராய்ந்தார். நிறங்களைக் கண் உணரும் வகைபற்றி அவர் கூறிய கொள்கையை வல்லுநர் பெரும்பாலும் ஏற்றிலர். எனினும், ஒளியிடமே நேரிற் கேட்டறியும் அவர் முறை பழுதற்றதன்றோ!

அம்முறையை இலைக்குப் பொருத்தினால் விளங்குவது யாது? இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரிதும் விழுங்குகிறது; பச்சையை ஓரளவு திருப்புகிறது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணங்களில், சிவப்பை அடுத்தவற்றை இலையின் உள்ளறைகள் மிகுதியாகத் திருப்புகின்றன. அவற்றிற்கு அப்பாலுள்ள சிலவற்றை இலையின் நீர் விழுங்குகிறது. ஆகவே, ஒவ்வொரு கிரணமும் எவ்வளவு மீள்கிறதென்று அளந்தால், பச்சையத்தின் அளவையும் நீரின் அளவையும், இலையைக் கிள்ளாமலே கணக்கிடலாம்.

இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற பி. ஆர். பிஷரோடி, 1970ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்துத் தென்னந்தோப்புக்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுக்கும் முயற்சியை நடத்தி, வேர்வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்தறியச் செய்தார். நோயை உரைத்தது ஓலையின் ஒளியே. இந்நாளில் நெல் வயலில் இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டு யூரியா இடுவதும் இதன் எளிய வடிவமே. வேண்டாத உரத்திற்குச் செலவிடும் பணம் அதனால் மிஞ்சுகிறது. இராமன் கண்ட விளைவைக் கொண்டே இலையின் நைட்ரேட்டை அளந்து, தழைச்சத்துக் குறைவை முன்னதாக அறியும் முறையும் இப்போது தோன்றியுள்ளது.

1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இராமன் மறைந்தார். அவர் உடல் நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழவில்லை, ஒரு மரமே நடப்பெற்றது. பெருஞ்செல்வமும் அரிய கருவிகளும் இருந்தாலன்றி ஆராய்ச்சி இயலாதென்று சோர்வுறும் மாணவர் நம்மிடையே பலர். கடலையும் மலரையும் சிறு கருவியொன்றால் வினவிய அப்பெரியாரை நினைந்து, நம் சீமையின் உளுந்தையும் நெல்லையும் நாமும் வினவத் தொடங்குவோமாக. நம்மை ஊட்டி வளர்க்கும் உழவர்க்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு அதுவே.