வானில் வண்ணம் தூவிக் காற்றை அளந்த விக்ரம் சாராபாய்

1963 நவம்பர் 21, மாலை 6.25. கேரளத்தின் தும்பா கடற்கரையிலிருந்து சீறிப் பாய்ந்தது ஒரு ராக்கெட். தரையில் இருள் கவியத் தொடங்கிய வேளையில், மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒளிக்கோடு ஒன்று விரிந்தது. கேரள மக்களும் தென் தமிழ்நாட்டு மக்களும் வியந்து பார்த்த அந்தக் கோடுதான் இந்திய விண்வெளி ஆய்வின் முதல் கையெழுத்து. அதற்குப் பின்னால் நின்றவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12ஆம் தேதி அகமதாபாத்தில், பெரும் ஆலை அதிபரான அம்பாலால் சாராபாயின் மகனாகப் பிறந்தார் விக்ரம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தவரை இரண்டாம் உலகப் போர் தாயகம் திரும்ப வைத்தது. பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் சேர்ந்து, விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்.

1942இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினியின் அக்காள் வேறு யாருமல்லர். மறு ஆண்டே சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்று, மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலரை அணிதிரட்டிய கேப்டன் லட்சுமிதான்.

போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்.

ஏன் தும்பா?

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் மேல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வலிமையான மின்னோட்டம் பாய்கிறது. அதை இயக்குவதில் அங்கு வீசும் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பலூன்களால் அவ்வளவு உயரம் போக முடியாது. துணைக்கோள்களோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் ஒன்றே வழி.

கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படி அளப்பது? விடை எளிமையானது. சூரியன் மறைந்த சற்று நேரத்தில், தரை இருண்டிருந்தாலும் மேல் வளிமண்டலத்தில் வெயில் இருக்கும். அப்போது ராக்கெட்டிலிருந்து சோடிய ஆவியை வெளியேற்றினால், அது சூரிய ஒளியை வாங்கிச் செம்மஞ்சளாக ஒளிரும். காற்று வீசும் திசையில் அந்தக் கோடு வளையும், நெளியும், நகரும். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, பின்னணியில் தெரியும் விண்மீன்களைக் கொண்டு கோட்டின் இருப்பிடத்தைக் கணிப்பார்கள். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால், எந்த உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் வீசுகிறது என்பது தெரிந்துவிடும்.

தேவாலயத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

தும்பா மீனவர்களின் ஊர். புனித மேரி மகதலேனா தேவாலயமும் அவர்கள் குடியிருப்பும் இருந்த நிலம்தான் ஆய்வுக்குத் தேவைப்பட்டது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நாடினார். ஆயர் மக்களிடம் எடுத்துச் சொல்ல, அவர்கள் இசைந்தனர். வழிபட்ட ஆலயத்தையும் வாழ்ந்த வீடுகளையும் விட்டுக்கொடுத்து, வேறிடத்தில் குடியேறினர். ஆயர் இல்லம் அலுவலகமானது, தேவாலயம் பணிக்கூடமானது.

முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி அமெரிக்காவின் நாசா தந்தது. சோடிய ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர் இராமேஸ்வரத்து இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். ஏவுமேடையில் ஏற்றும்போது பாரந்தூக்கி பழுதாகிவிட, எல்லாரும் சேர்ந்து கையாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினர்.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை. வல்லரசுகளோடு போட்டியிட்டு நிலவுக்கு ஆளனுப்புவது சாராபாயின் நோக்கமன்று. வானிலை அறியவும், தொலைதூரச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிவழிக் கல்வி கொண்டு செல்லவும் விண்வெளி நுட்பம் உதவ வேண்டும் என்பதே அவர் விளக்கம்.

இரவல் ராக்கெட்டில் தொடங்கிய தும்பா, நான்கே ஆண்டுகளில், 1967இல், இந்தியாவிலேயே உருவான ரோகிணி ராக்கெட்டை ஏவியது. 1968இல் அந்த ஏவுதளம் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டு, பல நாட்டு அறிவியலாளர்களுக்கும் பொதுவானது. 1969 ஆகஸ்ட் 15ஆம் தேதி இஸ்ரோ பிறந்தது.

1971 டிசம்பர் 30ஆம் தேதி, தும்பாவுக்கு அருகிலுள்ள கோவளத்தில் தங்கியிருந்தபோது சாராபாய் காலமானார். வயது 52. இந்தியாவின் முதல் துணைக்கோளான ஆரியபட்டா விண்ணேறியது 1975இல். அதைக் காண அவர் இல்லை.

நிலவில் ஒரு பள்ளத்துக்கும், சந்திரயான் தரையிறங்கு கலத்துக்கும் இன்று அவர் பெயர். தும்பா மீனவர்கள் விட்டுக்கொடுத்த தேவாலயம், விண்வெளி அருங்காட்சியகமாக அதே கடற்கரையில் நிற்கிறது.