கிராணியை வென்ற டாக்டர் சுப்பாராவ்

நம் வீடுகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அறியாதவர் இல்லை. அதை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் படித்த நம் நாட்டவர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவர்தான் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

வேதியியல் பட்டம் பெற்று அரசு ஆய்வகம் ஒன்றில் நான் பணியில் சேர்ந்தபோது, பாஸ்பரஸின் அளவைக் காண ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று ஒன்றைக் கற்றுத் தந்தார்கள். கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு பாஸ்பரஸை அளக்கும் எளிய முறை அது. இந்த சுப்பாராவ் யார் என்று அன்று தேடத் தொடங்கியவன், அவர் சரித்திரத்தைப் படித்து வியந்தேன்.

1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில், எளிய தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த சான்றிதழே கிடைத்தது.

இதற்கிடையே அக்குடும்பத்தை ஸ்ப்ரூ என்ற நோய் தாக்கியது. நம் பாட்டிமார் கிராணி என்று சொல்வார்களே, அந்த வகை. உண்ட உணவு உடலில் ஒட்டாது. நோயாளி சோகை பிடித்து இளைத்துப் போவார். சகோதரர்கள் இருவர் அதற்குப் பலியானார்கள். சுப்பாராவையும் அது விடவில்லை. டாக்டர் அசண்ட லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் உயிர் பிழைத்தார். பிறகு அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பித்தார்.

மாமனார் திரட்டித் தந்த பணத்துடன் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். ஊரில் பிறந்த மகன், தகப்பனார் முகம் பாராமலே சிசுப் பருவத்தில் இறந்தான். மனைவி சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். சுப்பாராவ் திரும்பி வரவே இல்லை. அவர் சாதனையைப் பேசும்போது அந்த அம்மாளின் தியாகத்தையும் நாம் நினைக்க வேண்டும்.

1925-இல் மேற்சொன்ன பாஸ்பரஸ் முறை வெளியாயிற்று. ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927-இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார். இருந்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது சோகை நீங்கி உடல் தேறியது. அதே ஆய்வகத்தில் டாக்டர் டக்கர் கண்டு 1948-இல் அறிவித்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையில் முதலாவது. இன்றும் ஸ்ப்ரூவுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்தே தருகிறார்கள். சகோதரர்களைப் பறித்த நோய்க்கு இரண்டு மருந்துகளும் அவர் கூடத்திலிருந்தே வந்தன!

எங்கள் கும்பகோணத்தில் யானைக்கால் நோயால் அவதிப்பட்ட பெரியவர்களைச் சிறுவயதில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2004 முதல் தேசிய அளவில் ஆண்டுக்கு ஒரு முறை வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் 1947-இல் அவர் குழு தந்ததே. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு உதவும் மெதோட்ரெக்சேட்டும் அவ்வாறே.

புகழைச் சக ஊழியர்களுக்கு விட்டுவிட்டு ஒதுங்கியே இருந்த அவர், 1948 ஆகஸ்டில், 53 வயதில், காலமானார். 1995-இல் நூற்றாண்டுத் தபால்தலை வெளியிட்டது நம் அரசு.

அங்கத்தினர்களே, அடுத்த முறை மகளுக்கோ மருமகளுக்கோ அந்தச் சிறு மாத்திரையை வாங்கிவரும்போது, பேரக்குழந்தைகளிடம் இந்தப் பெரியவரின் கதையையும் சொல்லுங்கள்.